வயசு பிளஸ் நூறு

எங்கள் அபார்ட்மென்ட்டில் இரண்டாவது மாடியில் ஒரு நண்பர் இருக்கிறார். வயது 68. வங்கியிலிருந்து ஓய்வு பெற்றவர். காலையில் பேப்பர் வந்ததும் தலைப்புச் செய்தியைக்கூடப் பார்க்கமாட்டார். நேராக சுடோகு. அது முடிந்ததும் ராத்திரி ஊறவைத்த நாலு வால்நட். ‘பார்க்கவே மூளை மாதிரி இருக்கு பாருங்க, அதான் மூளைக்கு நல்லது’ என்பார். (வெண்டைக்காய் சாப்பிட்டால் கணக்கு வரும் என்று சொல்லித்தான் எங்கள் வீட்டில் என்னை வளர்த்தார்கள். நான் தின்ற வெண்டைக்காய்க்கு இந்நேரம் இன்னொரு ராமானுஜன் ஆகியிருக்க வேண்டும்.) போதாக்குறைக்கு இடது கையால் பல் தேய்க்கிறார். மூளையின் வலது பக்கம் விழித்துக்கொள்ளுமாம்.

போன மாதம் எங்கள் அசோசியேஷன் இலவச மருத்துவ முகாம் வைத்தது. நண்பருக்கு பிபி பார்த்தார்கள். 168க்கு 94. பார்த்த நர்ஸ் பெண் கொஞ்சம் பதறி, ‘சார், மாத்திரை ஏதாவது எடுத்துக்கறீங்களா?’ என்று கேட்டாள். நண்பர் சிரித்தார்.

‘இது ஒண்ணுமில்லைம்மா. வயசோட நூறைக் கூட்டிக்கணும். அறுபத்தெட்டும் நூறும் நூத்தி அறுபத்தெட்டு. டாண்ணு வந்திருக்கு பாரு!’

சுடோகு கட்டம் கடைசியாக நிரம்பியது போல முகத்தில் அத்தனை திருப்தி. எனக்கு வந்த கோபத்தில் அப்போது என் கையில் பட்டையைச் சுற்றியிருந்தால் அவரை ஜெயித்திருப்பேன்.

மூளைக்காக ஒரு மனிதர் தினமும் ஒன்றரை மணி நேரம் செலவழிக்கிறார். அதே மூளையை அழித்துக்கொண்டிருக்கும் ஒன்றைக் கண்ணெதிரில் எண்ணாகவே காட்டினாலும் சிரிக்கிறார். அவர் படிக்காதவர் இல்லை. நம்மில் பாதிப் பேர் அவர்தான்.

இதில் நம் மொழிக்கும் ஒரு பங்கு உண்டு. ரத்தக் கொதிப்பு என்று பெயர் வைத்துவிட்டோம். கொதித்தால் தெரியாமலா போகும் என்று எல்லோரும் காத்திருக்கிறார்கள். இங்கிலீஷ்காரன் மட்டும் என்ன யோக்கியம்? ஹைபர்டென்ஷன் என்றான். ‘எனக்கு டென்ஷனே கிடையாது சார், எனக்கு எப்படி பிபி வரும்?’ என்று கேட்காத ஆள் உண்டா? பிபிக்கும் நீங்கள் மானேஜரோடு போடும் சண்டைக்கும் பெரிய சம்பந்தமில்லை. அது வலிக்காது, கொதிக்காது. பெரும்பாலானவர்களுக்குத் தலைகூட சுற்றாது. பத்து பதினைந்து வருஷம் சத்தமில்லாமல் வேலை பார்க்கும்.

இன்னொரு பங்கு சினிமாவுக்கு. இதயத்தை காதலுக்குத் தாரை வார்த்துவிட்டோம். உடைவது, துடிப்பது, திருடு போவது எல்லாம் அதுதான். மூளையோ பரீட்சைக்கு. இரண்டும் ஒரே உடம்பில், ஒரே குழாயில் கோத்திருக்கின்றன என்பது நமக்கு ஞாபகமே வருவதில்லை.

மூளையின் எடை சுமார் 1.4 கிலோ. உடம்பின் எடையில் 2 சதவிகிதம். ஆனால் நாம் இழுக்கும் ஆக்சிஜனில் கிட்டத்தட்ட 20 சதவிகிதத்தைத் தின்கிறது. இதயம் நிமிடத்துக்கு ஐந்து லிட்டர் ரத்தத்தைத் தள்ளுகிறது என்றால் முக்கால் லிட்டர் தலைக்குப் போகிறது. அபார்ட்மென்ட்காரர்களுக்குப் புரிகிற பாஷையில் சொன்னால், இதயம் மோட்டார், மூளை மேல் மாடி. ஒரே வித்தியாசம், இந்த பில்டிங்கில் ஓவர்ஹெட் டேங்க் கிடையாது. சேமித்து வைக்கிற வசதி இல்லை. மோட்டார் பத்து விநாடி நின்றால் மாடியில் விளக்கு அணைந்துவிடும், ஆள் மயங்கி விழுவார். சில நிமிடங்கள் நின்றால் மூளைச் செல்கள் சாக ஆரம்பிக்கும்.

மோட்டார் நிற்பது மட்டும் ஆபத்தில்லை. அதிக வேகத்தில் தள்ளுவதும் ஆபத்து. மூளையின் ஆழத்துக்கு ரத்தம் கொண்டுபோவது தலைமுடியைப் போன்ற மெல்லிய குழாய்கள். பெரிய லைனிலிருந்து நேராகக் கிளை பிரிபவை. மெயின் லைனின் அழுத்தம் அப்படியே அவற்றின் மேல் விழும். வருஷக்கணக்கில் விழுந்தால் குழாயின் சுவர் தடிக்கும், உள்வழி குறுகும். அந்தக் குழாயை நம்பியிருந்த துளியூண்டு இடம் செத்துப்போகும். கை கால் இழுக்காது, வாய் கோணாது. உங்களுக்குத் தெரியாது, வீட்டுக்காரிக்கும் தெரியாது. எம்.ஆர்.ஐ. எடுத்தால் மட்டும் வெள்ளை வெள்ளையாகத் தெரியும். எத்தனையோ பேருக்கு மறதி என்பது இந்த வெள்ளைப் புள்ளிகளின் கூட்டல் தொகை. அந்தக் கணக்கில் நூறைக் கூட்டத் தேவையில்லை.

இதயத்திலிருந்து மூளைக்குப் போகிற ஆபத்து இன்னொன்றும் உண்டு. சிலருக்கு இதயத்தின் மேலறை ஒழுங்காகச் சுருங்காமல் நடுங்கிக்கொண்டிருக்கும். நாடி தாளம் தப்பி அடிக்கும். தேங்கின ரத்தம் உறையும். அந்தக் கட்டி கிளம்பினால் மூளைக்குப் போக நேர்வழி இருக்கிறது. இவர்களுக்குப் பக்கவாத ஆபத்து ஐந்து மடங்கு. நாடியைத் தொட்டுப் பார்க்க காசு செலவில்லை. கடைசியாக எந்த டாக்டர் உங்கள் நாடியைப் பிடித்தார், யோசித்துப் பாருங்கள்.

*

பள்ளிக்கூட சரித்திரப் புத்தகத்தில் ஒரு புகைப்படம் பார்த்திருப்பீர்கள். 1945 பிப்ரவரி. கிரிமியாவில் யால்டா. அரண்மனை முற்றத்தில் மூன்று நாற்காலிகள். சர்ச்சில், ரூஸ்வெல்ட், ஸ்டாலின். உலகப் போர் முடிந்தபின் யாருக்கு எந்த நாடு என்று பாகம் பிரித்த கூட்டம். இந்தப் படத்தில் புத்தகம் சொல்லாத சங்கதி ஒன்று உண்டு. அந்த மூன்று பேரையும் கடைசியில் சாய்த்தது ஹிட்லர் இல்லை. மூளையின் ரத்தக் குழாய்.

ரூஸ்வெல்ட்டுக்கு வெள்ளை மாளிகை டாக்டராக இருந்தவர் மக்கின்டயர். காது மூக்கு தொண்டை நிபுணர். ஜனாதிபதியின் சைனஸை அருமையாகப் பார்த்துக்கொண்டார். ஜனாதிபதியின் பிபி 1941லேயே 188க்கு 105. 1944 மார்ச்சில் புருயென் என்ற இளம் இதய டாக்டர் முதன்முறையாக ஒழுங்காகப் பரிசோதித்தபோது இதயம் வீங்கி, செயலிழக்க ஆரம்பித்திருந்தது. உப்பைக் குறை, எடையைக் குறை, ஓய்வு எடு, இதயத்துக்கு டிஜிடாலிஸ். அவ்வளவுதான் அப்போது இருந்த வைத்தியம். யால்டா படம் எடுத்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. ஏப்ரல் 12ஆம் தேதி, ஜார்ஜியாவில் ஒரு ஓவியருக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவர் தலை வலிக்கிறது என்று சொல்லிச் சரிந்தார். அப்போது பிபி 300க்கு 190. வயது 63. திடீரென்று நடந்துவிட்டது என்றார் மக்கின்டயர். பத்து வருஷமாக ஏறிக்கொண்டே வந்த எண் எந்த விதத்தில் திடீர்?

ஸ்டாலின் கதை இன்னும் விசேஷம். 1952 ஆரம்பத்தில் அவரைப் பார்த்த டாக்டர் வினோகிராதோவ் ‘ஓய்வு எடுங்கள்’ என்று சொல்லிவிட்டார். அந்த வருஷம் நவம்பரில் டாக்டர் சிறையில் இருந்தார். 1953 மார்ச் 1ஆம் தேதி இரவு ஸ்டாலின் தரையில் விழுந்து கிடப்பதைக் காவலர்கள் பார்த்தார்கள். மறுநாள் காலைதான் டாக்டர்கள் வந்தார்கள். நல்ல டாக்டர்கள் பலரையும் அதற்குள் ஜெயிலில் போட்டிருந்தார்களே! மூளையில் ரத்தக் கசிவு. மார்ச் 5ஆம் தேதி முடிந்தது.

நாம் ஸ்டாலின் இல்லை. பிபி இருக்கிறது என்று சொன்ன டாக்டரை ஜெயிலுக்கு அனுப்புவதில்லை. வேறு டாக்டரிடம் போய்விடுகிறோம்.

சர்ச்சில் 1949இல் ஒரு சின்ன பக்கவாதம், 1953 ஜூனில் பிரதமராக இருக்கும்போதே விருந்து மேஜையில் பெரிதாக ஒன்று. பத்திரிகைகளுக்குத் தெரியாமல் மறைத்துவிட்டார்கள். 1965 ஜனவரியில் வந்தது கடைசி. அவருக்கு 90 வயது, சுருட்டும் விஸ்கியுமாக வாழ்ந்தவர். ‘சர்ச்சில் தொண்ணூறு வரைக்கும் இருந்தாரே’ என்று உடனே கிளம்பாதீர்கள். கடைசி வருஷங்களில் அவர் எப்படி இருந்தார் என்பதைப் படித்துவிட்டுக் கிளம்புங்கள்.

நான் இந்தக் கதையைச் சொல்வது வம்புக்கு இல்லை. அவர்களுக்கு ஒரு சாக்கு இருந்தது. அந்தக் காலத்தில் பிபிக்கு உருப்படியான மாத்திரையே கிடையாது. அதைவிட மோசம், இறக்க வேண்டும் என்ற எண்ணமே பல டாக்டர்களுக்கு இல்லை. வயதானால் குழாய் குறுகும், அதில் ரத்தத்தைத் தள்ள அழுத்தம் அவசியம் என்று நம்பினார்கள். ‘எசென்ஷியல் ஹைபர்டென்ஷன்’ என்று இன்றைக்கும் மெடிக்கல் புத்தகத்தில் இருக்கும் பெயரே அந்த நம்பிக்கையின் மிச்சம். எங்கள் மாடி நண்பரின் ‘வயசு பிளஸ் நூறு’ எங்கிருந்து வருகிறது என்று புரிகிறதா? அவர் 1930களின் டாக்டர்.

அந்தக் கதையை உடைத்த வேலை ரூஸ்வெல்ட் செத்து மூன்று வருஷத்தில் ஆரம்பித்தது. 1948இல் அமெரிக்க அரசு இதய நோய் ஆராய்ச்சிக்கென்று சட்டம் போட்டது. பாஸ்டனுக்குப் பக்கத்தில் ஃப்ராமிங்ஹாம் என்ற சின்ன ஊரில் 5,209 பேரை வருஷக்கணக்காகத் தொடர்ந்தார்கள். அவர்களின் பிள்ளைகள், பேரன்களையும் பிற்பாடு சேர்த்துக்கொண்டார்கள். வயதுக்கேற்ற பிபி என்று ஒன்று கிடையாது, ஏற ஏற ஆபத்துதான் என்று அந்த ஊர் காட்டியது. 1950களின் கடைசியில் நல்ல மாத்திரைகள் வந்தன. 1967இல் எட்வர்ட் ஃப்ரைஸ் என்ற டாக்டரின் குழு, கீழ் எண் 115க்கு மேல் இருந்த 143 முன்னாள் ராணுவத்தினரை இரண்டாகப் பிரித்துப் பார்த்தது. வெற்று மாத்திரை வாங்கியவர்களில் 27 பேருக்குப் பெரிய விபரீதம். நிஜ மாத்திரை வாங்கியவர்களில் 2 பேருக்கு.

ரூஸ்வெல்ட்டுக்குக் கிடைக்காத மருந்து இன்று நம் தெருமுனை மெடிக்கல் ஷாப்பில் இரண்டு மூன்று ரூபாய்க்குக் கிடைக்கிறது. அரசு ஆஸ்பத்திரியில் சும்மாவே கிடைக்கிறது. நாம் சொல்லும் சாக்கு என்ன?

*

சாக்குகள் எனக்கு நன்றாகத் தெரியும். எங்கள் வீட்டிலேயே கேட்டவன்.

என் மாமா, அம்மாவின் தம்பி, ஆர்.எம்.எஸ்.ஸில் சார்ட்டராக இருந்தார். ரயிலில் ஓடும் தபால் பெட்டியில் ராத்திரி முழுக்க நின்றுகொண்டு கடிதங்களைப் பிரிக்கிற வேலை. சின்ன வயதில் எங்களுக்கு அவர் ஒரு சர்க்கஸ். ஊர் பெயர் சொன்னால் போதும். கும்பகோணம்? 612001. ஸ்ரீரங்கம்? 620006. மயிலாப்பூர்? 600004. எந்தப் பையில் விழும், எந்த ரயிலில் ஏறும், எத்தனை மணிக்கு இறங்கும் வரைக்கும் சொல்வார். நாங்கள் வேண்டுமென்றே வாயில் நுழையாத ஊராகத் தேடிப் பிடிப்போம். ஒருநாள்கூட ஜெயித்ததில்லை.

48 வயதில் அவருக்கு பிபி என்று கண்டுபிடித்தார்கள். நாலு மாதம் மாத்திரை சாப்பிட்டார். திரும்பப் பார்த்தால் 130. ‘நார்மல் ஆயிடுச்சுடா’ என்று மாத்திரையை நிறுத்திவிட்டார். மாத்திரையால்தான் நார்மல் என்று யாரும் அவருக்கு உட்கார்ந்து சொல்லவில்லை. அத்தை கேட்டபோதெல்லாம் ஒரே பதில்: ‘ஆரம்பிச்சா ஆயுசுக்கும் விட முடியாது.’

61இல் ஒருநாள் இடது கை கொஞ்சம் மரத்தது. இரண்டு நாளில் சரியாகிவிட்டது. ஆறேழு மாதம் கழித்துக் கோபம் அதிகமானது. பிறகு ஒரு வருஷம் அப்படியே. பிறகு ஒரே வாரத்தில் கணக்கு போய்விட்டது, கடையில் சில்லறை வாங்கத் தெரியவில்லை. மாடிப்படி இறங்குகிற மாதிரி, ஒரு படி, கொஞ்சம் நின்று, இன்னொரு படி. ‘வயசானா அப்படித்தான்’ என்றார்கள் சொந்தக்காரர்கள். 64 ஒரு வயதா? ஒருவர் வல்லாரை லேகியம் வாங்கி வந்தார். இன்னொருவர் அமெரிக்காவிலிருந்து மீன் எண்ணெய். பிபி பார்க்கும் மெஷின் ஒருத்தரும் வாங்கி வரவில்லை. நானும்தான்.

ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம். மூளை டாக்டர் ஸ்கேனைத் தூக்கிப் பிடித்து வெள்ளைப் புள்ளிகளைக் காட்டினார். மறதிக்கு ஒரு மாத்திரை எழுதினார். ‘பிபி 180 இருக்கே சார்?’ என்று கேட்டேன். ‘அதை கார்டியோல காட்டிடுங்க’ என்றார். மூன்றாவது மாடியிலிருந்து முதல் மாடி. கார்டியோவில் எக்கோ எடுத்துவிட்டு, ‘ஹார்ட் பம்பிங் நல்லாயிருக்கு, மத்ததை நியூரோ பார்த்துப்பாங்க’ என்றார்கள். இரண்டு மாடிக்கும் நடுவில் லிஃப்டில் என் மாமாவின் பிபி மட்டும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அது யாருடைய டிபார்ட்மென்ட்டும் இல்லை. ரூஸ்வெல்ட்டுக்குக் காது மூக்கு தொண்டை கிடைத்த மாதிரி எங்களுக்கு இது கிடைத்தது.

கடைசி வருஷத்தில் ஒருநாள் காய் வாங்கப் போனவர் வரவில்லை. இரண்டு தெரு தள்ளி ஒரு கடை வாசலில் உட்கார்ந்திருந்தார். கடைக்காரர் விலாசம் கேட்டிருக்கிறார். தெருப் பெயர் வரவில்லை. பின்கோடு மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார். சரியான பின்கோடுதான்.

*

இங்கே ஒரு மருத்துவ வாசகர் கையைத் தூக்குவார். ‘மறதி நோய் என்றால் அல்சைமர்தானே? அதற்கும் பிபிக்கும் என்ன?’ நியாயமான கேள்வி. அல்சைமர் என்பது மூளைக்குள் வேண்டாத புரதம் படிவது. 1906இல் ஜெர்மன் டாக்டர் அலோய்ஸ் அல்சைமர் ஒரு பெண்மணியின் மூளையை மைக்ராஸ்கோப்பில் பார்த்துச் சொன்னது. ஆனால் அதே மூளையின் பெரிய ரத்தக் குழாய்கள் தடித்திருந்தன என்றும் அவர் எழுதி வைத்திருக்கிறார். புரதத்தைப் பிடித்துக்கொண்ட உலகம் குழாயை மறந்தது.

அமெரிக்காவில் ஒரு சபையின் கன்னியாஸ்திரிகள் இறந்தபின் தங்கள் மூளையை ஆராய்ச்சிக்குத் தருவதாக எழுதிக்கொடுத்தார்கள். ஒரே சாப்பாடு, ஒரே வாழ்க்கை. 1997இல் 102 பேரின் மூளையைப் பார்த்து ஒரு கட்டுரை வந்தது. அல்சைமர் புரதம் நிறைய இருந்தும் கடைசிவரை தெளிவாக இருந்தவர்கள் உண்டு. ஆனால் புரதத்தோடு மூளையின் ஆழத்தில் ஒன்றிரண்டு சின்னக் குழாய் அடைப்பும் சேர்ந்திருந்தால் கிட்டத்தட்ட எல்லோருக்கும் மறதி. ஓட்டைப் படகு தாக்குப்பிடிக்கும். அதில் இன்னும் இரண்டு பேர் ஏறினால்தான் முழுகும்.

சரி, பிபியை இறக்கினால் மூளை பிழைக்கிறதா? அமெரிக்காவில் 50 வயது தாண்டிய 9,361 பேரை வைத்துப் பார்த்தார்கள். பாதிப் பேருக்கு 140க்குக் கீழே, பாதிப் பேருக்கு 120க்குக் கீழே. இதயத்துக்கு லாபம் தெளிவாகத் தெரிந்ததால் 2015இல் பாதியிலேயே நிறுத்தினார்கள். 2019இல் மூளைக் கணக்கு வந்தது. 120 கோஷ்டியில் மறதியின் ஆரம்பக் கட்டம் 19 சதவிகிதம் குறைவு. முற்றிய மறதியும் குறைந்த மாதிரி இருந்தது, ஆனால் சத்தியம் செய்யப் போதாது. அந்தக் குறை சீனாவில் தீர்ந்தது. 326 கிராமங்கள், சுமார் 34,000 பேர். பாதி கிராமங்களில் பெரிய ஸ்பெஷலிஸ்ட் இல்லை, ஊர் வைத்தியர்கள்தான் வீட்டுக்காரர்களோடு பேசி, விடாமல் மாத்திரை கொடுத்து 130க்குக் கீழே கொண்டுவரப் பாடுபட்டார்கள். நாலு வருஷம். 2025இல் முடிவு வெளியானது. மறதி நோய் 15 சதவிகிதம் குறைவு.

இதையும் அதையும் வைத்துப் பாருங்கள். 2023இல் அமெரிக்கா முழு அனுமதி கொடுத்தபோது லெகானிமாப் என்ற அல்சைமர் ஊசியின் விலை வருஷத்துக்கு 26,500 டாலர். அப்போது இரண்டு வாரத்துக்கு ஒரு முறை நரம்பில் ஏற்ற வேண்டியிருந்தது, மூளையில் வீக்கமோ ரத்தக் கசிவோ வருகிறதா என்று ஸ்கேன் எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். இத்தனைக்கும் மறதியை நிறுத்தாது, கொஞ்சம் மெதுவாக்கும். அது பத்திரிகைகளில் முதல் பக்கம். சீன கிராமத்து மாத்திரை எந்தப் பக்கத்தில் வந்தது? நானும் பத்திரிகைக்காரன்தான், தலைகுனிந்தே கேட்கிறேன்.

பிபியைப் பிடித்துவிட்டால் மறதியே வராது என்று நான் எழுதியதாக யாரும் கடிதம் போட வேண்டாம். லான்செட் என்ற மருத்துவப் பத்திரிகை நியமித்த நிபுணர் குழு 2024இல் 14 காரணங்களைச் சொன்னது. பிபி, சர்க்கரை, கெட்ட கொலஸ்ட்ரால், புகை, பருமன், நடக்காமல் உட்கார்ந்திருப்பது, கூடவே காது கேளாமை, தனிமை, படிப்பின்மை. அத்தனையும் சரிசெய்தாலும் உலகத்து மறதி நோயில் 45 சதவிகிதம்தான் குறைக்கவோ தள்ளிப்போடவோ முடியும். மிச்சம் 55 நம் கையில் இல்லை. இதயம் கிண்ணென்று இருந்தும் அல்சைமர் வந்தவர்கள் உண்டு, அது அவர்கள் தப்பு இல்லை. ஆனால் அந்தப் பட்டியலை இன்னொரு தரம் படியுங்கள். முதல் ஆறும் எந்த இதய டாக்டரும் ஐம்பது வருஷமாகச் சொல்லிவருவது. இந்தியாவில் 60 தாண்டியவர்களில் 7.4 சதவிகிதம், அதாவது சுமார் 88 லட்சம் பேர் மறதி நோயோடு இருக்கிறார்கள் என்று 2023இல் ஒரு கணக்கு வந்தது. 45 சதவிகிதம் என்ன சின்ன எண்ணா?

‘மாத்திரை சாப்பிட்டால் கிட்னி போயிடும்’ என்பவர்களுக்கு: கிட்னியைக் கெடுப்பது பிபி. ‘ஆயுசுக்கும் சாப்பிடணுமே’ என்பவர்களுக்கு: கண்ணாடியை ஆயுசுக்கும் போட்டுக்கொள்ளவில்லையா? சில மாத்திரையில் கால் வீங்கும், சிலதில் வறட்டு இருமல் வரும், வாஸ்தவம். வந்தால் டாக்டரிடம் சொல்லி மாற்றிக்கொள்ள நாலைந்து வகை இருக்கிறது. எண்பது வயதில் எழுந்தால் தலை சுற்றுகிறவருக்கு எந்த அளவு இறக்குவது என்பதையும் அவர்தான் முடிவு செய்யணும், நானோ பக்கத்து வீட்டு சாரோ இல்லை. வல்லாரையைத் துவையல் அரைத்துச் சாப்பிடுங்கள், பிரமாதமாக இருக்கும். உப்பைக் குறைத்துப் போடுங்கள். ஊறுகாயும் அப்பளமும் கருவாடும் உப்புக் கணக்கில் சேரும் என்பதை நாம் வசதியாக மறப்போம். இந்த மறதிக்கு மட்டும் நானும் வைத்தியம் செய்துகொள்ளவில்லை.

2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி பக்கம் சாமனப்பள்ளியில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கியது. வீட்டுக்கே வந்து பிபி பார்த்து மாத்திரை கொடுக்கும் அரசுத் திட்டம். குறைகள் இருக்கலாம், விளம்பரம் கொஞ்சம் கூடுதலாக இருக்கலாம். ஆனால் சீனாக்காரன் 326 கிராமங்களில் செய்ததன் அடிப்படை இதுதான். நம் அபார்ட்மென்ட் ஜனங்கள் அதைப் பார்த்து ‘அது கிராமத்து ஏழைங்களுக்கு சார்’ என்கிறார்கள். வாட்ச்மேன் ஊரிலிருக்கும் அவர் அம்மாவின் பிபி மாதா மாதம் நோட்டில் ஏறுகிறது. இரண்டாவது மாடி சாரின் பிபி முகாமோடு சரி.

முகாம் முடிந்த மறுநாள் நான் என் மெஷினை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். அஞ்சு நிமிஷம் பேசாமல் உட்காரச் சொன்னேன். காலைக் கீழே பதித்து, கையை மேஜை மேல் வைத்து, ஒழுங்காகப் பார்த்தோம். 164. இரண்டு நிமிஷம் கழித்து மறுபடி. 166. மாமாவின் கதையைச் சொன்னேன், பின்கோடு வரைக்கும். அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அவர் மனைவி சமையலறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

‘உங்க மெஷின் ரிப்பேர்னு நினைக்கிறேன்’ என்றார் நண்பர்.

‘இருக்கலாம் சார். வெச்சிருந்து ஒரு வாரம் பாருங்க’ என்று சொல்லிவிட்டு வந்தேன். மூன்று வாரம் ஆகிறது. மெஷின் இன்னும் திரும்பி வரவில்லை. நேற்று லிஃப்டில் பார்த்தபோது அவர் கையில் மெடிக்கல் ஷாப் கவர் இருந்தது. நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.